அம்மாவின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. இப்போது கண் மங்கலாகத் தெரிகிறதாம். மகன் மும்பை தாராவியில் இட்லி வியாபாரம் பார்க்கிறார். விடிவதற்குள் அடுப்பு மூட்டி, ஏழு மணிக்கெல்லாம் சைக்கிளில் ஏனத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர். மாட்டுங்கா லேபர் கேம்ப் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "போன்லயே டாக்டர்ட்ட காட்டலாம்னு சொல்லுதாங்க அண்ணாச்சி. தங்கச்சி ஊர்லதான் இருக்கா. அவள வீடியோ போட்டுக் காட்டச் சொல்லட்டா, இல்ல அம்மாவ ரயிலேத்தி இங்க சயான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துரட்டா?"

இது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை. தாராவியோ மாட்டுங்காவோ செம்பூரோ, இங்கே இருக்கும் நம் ஆட்களுக்கு ஊரில் ஒரு வயதான உயிர் உண்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஊரிலிருந்து போன் வந்தால் வயிற்றைக் கலக்கும். ஒன்றரை நாள் ரயில் தூரத்தில் இருந்துகொண்டு, எந்த டாக்டர், எந்த ஊர், எவ்வளவு பணம் என்று முடிவு செய்கிற பொறுப்பு மட்டும் நம்மிடம் இருக்கும். ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். இன்னொரு கட்டிங் டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

தொலைமருத்துவம் என்றதும் மனதில் வருவது திரை. இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் பெரிய டாக்டர், நடுவில் வீடியோ. நான் பார்க்கச் சொல்வது திரையை இல்லை. அம்மாவின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர் கையில் என்ன கருவி இருக்கிறது? பேசி முடித்தபின் மருந்து எங்கிருந்து கைக்கு வரும்? இவற்றுக்குப் பதில் இருந்தால் கம்பி வழியாக வருகிற டாக்டர் நிஜமாகவே டாக்டர். இல்லையென்றால் அவர் ஆறுதல் சொல்லும் ஒரு குரல், அவ்வளவுதான்.

இதை ஆஸ்திரேலியாக்காரர்கள் வீடியோ என்பதே இல்லாத காலத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அங்கே உள்நாட்டில் ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே நூறு மைல்கூட இருக்கும். 1928-ல் விமானத்தில் பறந்துபோய் வைத்தியம் பார்க்கும் சேவை தொடங்கியது. அடுத்த ஆண்டே மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோ பெட்டி வந்தது. பண்ணையிலிருந்து ரேடியோவில் டாக்டரைக் கூப்பிடலாம். ஆனால் கூப்பிட்டு என்ன செய்ய? 'இந்த மருந்தைக் கொடு' என்று டாக்டர் சொன்னால், மருந்து இருக்க வேண்டுமே. 1942-லிருந்து பண்ணைகளுக்கு ஒரே மாதிரியான மருந்துப் பெட்டிகள் அனுப்பினார்கள். பெட்டிக்குள் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். பெயர் வாசிக்கத் தெரியாவிட்டாலும், ரேடியோ கரகரத்தாலும், டாக்டர் சொல்கிற எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுக்கலாம். அந்தச் சேவையைக் காப்பாற்றியதில் ரேடியோவுக்கு எவ்வளவு பங்கோ அதே அளவு அந்தப் பெட்டிக்கும் உண்டு என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டில் இது பெரிய விழாவாகத் தொடங்கியது. 2000 மார்ச்சில், சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அப்போலோ ஒரு தொலைமருத்துவ மையம் அமைத்தது. மருத்துவர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊர் அது. இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் அதைத் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு இஸ்ரோ இறங்கியது. இன்சாட் செயற்கைக்கோள் வழியாகச் சிறிய ஊர் மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். பெங்களூரு நாராயண ஹிருதயாலயாவும் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையும் அப்படி இணைந்தன. நம் பக்கத்திலேயே, பரேல் கே.இ.எம். மருத்துவமனையிலிருந்து சிந்துதுர்க், நந்துர்பார் போன்ற மாவட்டங்களுக்கு இணைப்பு கொடுத்தது மகாராஷ்டிர அரசு.

செயற்கைக்கோள் இணைப்பு அருமையான காரியம்தான். ஆனால் ஒரு மையத்துக்குக் கருவி வைக்கவே லட்சக்கணக்கில் ஆகும். அதனால் மாவட்டத் தலைநகர் வரைக்கும்தான் போக முடிந்தது. பேருந்து மாறி மாறி மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்கிற தெம்புள்ள நோயாளிக்குத்தான் அது உதவும். இதயத்துக்கு அது பொருந்தியது. ஈசிஜி என்பது தாளில் ஓடும் கோடு. அதை அனுப்புவது சுலபம், அந்தப் பக்கத்து இதய நிபுணர் ஒரு நிமிஷத்தில் படித்துவிடுவார், உள்ளூர் மருத்துவர் அங்கேயே ஊசி போட்டுவிடலாம். கிராமத்து ஆளுக்கு இது வர வேண்டுமென்றால் விலை இறங்க வேண்டும், ஊருக்குப் பக்கத்தில் வர வேண்டும், தினமும் நடக்க வேண்டும். அதைச் செய்து காட்டியது நம் தேனி மாவட்டம். அங்கேதான் நான் கொஞ்சம் நேரம் நிற்கப் போகிறேன்.

மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் பதினோரு படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தி, கண்புரை உள்ளவர்களைப் பேருந்தில் ஏற்றி வந்து, இலவசமாக அறுவை செய்து, திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். நம் ஊரில் அந்தப் பேருந்தில் ஏறி இறங்காத பாட்டி தாத்தா குறைவு. இவ்வளவு செய்தும், முகாம் நடக்கும் ஊர்களில் கண்ணில் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று 1999-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஆய்வை மறைக்காமல் எடுத்துக்கொண்டு யோசித்தார்களே, அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

வராதவர்கள் ஏன் வரவில்லை? முகாம் வருகிற ஞாயிற்றுக்கிழமை களையெடுப்பு இருக்கும். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. கண் மங்கல்தானே, வயசானால் அப்படித்தான் என்கிற நினைப்பு இருக்கும். முகாம் போய்விட்டால் மறுபடி எப்போது என்று தெரியாது. ஆக, தினமும் திறந்திருக்கும் ஓர் இடம் ஊருக்குப் பக்கத்தில் வேண்டும். அங்கே கண் மருத்துவரை உட்கார வைக்க முடியாது. அவ்வளவு கண் மருத்துவர்கள் இல்லை. இருந்தாலும் நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பவர் பார்த்துக்கொண்டிருப்பது அவர் படிப்புக்கு வீண். 2004-லிருந்து சின்ன ஊர்களில் கண் மையங்கள் திறக்கத் தொடங்கினார்கள்.

உள்ளே யார்? பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண் பிள்ளைகள். அரவிந்திலேயே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். நோயாளிகளுக்கு அவர்கள் 'சிஸ்டர்'. எழுத்துப் பலகை வைத்துப் பார்வை பார்ப்பது, கண்ணாடிப் பவர் கணக்கிடுவது, கண் அழுத்தம் அளப்பது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, ஸ்லிட் லேம்ப் என்கிற உருப்பெருக்கிக் கருவியில் கண்ணின் முன்பகுதியைப் பார்த்துப் படம் எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. எல்லாம் எழுதி முடித்தபின் வீடியோவில் மருத்துவர் வருவார். படத்தைப் பார்ப்பார், சிஸ்டர் எழுதியதைப் படிப்பார், பெரியவரிடம் இரண்டு வார்த்தை பேசுவார், முடிவு சொல்வார். ஆரம்ப காலத்தில் இதற்குக் கட்டணம் இருபது ரூபாய் அளவில் இருந்தது. கண்ணாடி வேண்டுமென்றால் அங்கேயே கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு அங்கேயே காரியம் முடிந்துவிடும். அறுவை, லேசர் என்றால் மட்டும் பெரிய மருத்துவமனைக்குப் பயணம்.

மருத்துவர் செலவழிப்பது சில நிமிஷம்தான். மற்ற வேலை எல்லாம் சிஸ்டர் முடித்துவைத்திருக்கிறார். நிபுணரின் நேரம்தான் இந்த நாட்டில் மிக அரிதான பொருள். அதை மிச்சப்படுத்தியதுதான் இந்த ஏற்பாடு மலிவானதற்குக் காரணம்.

சரி, வீடியோ எப்படிப் போனது? 2004-ல் போடியிலோ ஆண்டிபட்டியிலோ நம்பகமான இணையம் கிடையாது. செயற்கைக்கோளுக்குப் பணம் கிடையாது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எரிக் புரூவரின் குழு அரவிந்தோடு சேர்ந்து, வீட்டில் வைத்துக்கொள்கிற அதே வைஃபை தொழில்நுட்பத்தை எடுத்துக் கோபுரத்தில் ஏற்றியது. அரவிந்தின் தேனி மருத்துவமனையிலிருந்து போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி என்று மையங்களுக்குக் கோபுரம் விட்டுக் கோபுரம் அலை தாண்டிப் போயிற்று. கோபுரங்கள் 24 மீட்டரிலிருந்து 42 மீட்டர் உயரம். ஒரு பஞ்சாலை வளாகத்திலிருந்த புகைபோக்கியின் மேலேயும் ஆண்டெனா வைத்தார்கள். மிக நீண்ட தாவல் பதினைந்து கிலோமீட்டர்.

வீட்டு வைஃபை பதினைந்து கிலோமீட்டர் போகுமா என்று கேட்பீர்கள். சாதாரணமாகப் போகாது. அலைக்குப் பலம் போதாது என்பது ஒரு காரணம், ஒரே திசையில் குவிக்கும் ஆண்டெனா வைத்தால் அது தீர்ந்துவிடும். இரண்டாவது காரணம் நுட்பமானது. வைஃபையில் ஒரு துண்டுத் தகவல் போனால், 'வந்து சேர்ந்தது' என்று எதிர்ப்பக்கம் உடனே பதில் அனுப்ப வேண்டும். வீட்டுக்குள் அந்தப் பதில் கண்ணிமைக்கும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கிலேயே வந்துவிடும். பதினைந்து கிலோமீட்டர் தாண்டிப் போய்வர ஒளியின் வேகத்திலேயே நூறு மைக்ரோ நொடி ஆகும். அனுப்பிய கருவி அதற்குள் பொறுமை இழந்து, போய்ச் சேரவில்லை என்று நினைத்து, அதே தகவலை மறுபடி அனுப்பும். மறுபடி, மறுபடி. படம் உறைந்து நின்றுவிடும். அந்தக் குழு, இந்த அவசரத்தை எடுத்துவிட்டு, குறித்த நேரத்தில் ஒரு பக்கம் பேச வேண்டும், அடுத்த நேரத்தில் கேட்க வேண்டும் என்று முறை வைத்து மென்பொருளை மாற்றி எழுதியது. வீடியோ ஓடத் தொடங்கியது.

ஆனால் அவர்களைப் படுத்தி எடுத்தது அலையோ மென்பொருளோ இல்லை, மின்சாரம். தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் அவர்கள் அளந்து பார்த்தபோது 230 வோல்ட் வர வேண்டிய கம்பியில் சில நேரம் 70-க்கும் கீழே இறங்கியது, சில நேரம் 350-க்கு மேல் ஏறியது, கணநேரத் தாக்குதலாக 1,000 வோல்ட் வரைக்கும் எகிறியது. குறைந்த அழுத்தத்தில் கருவி செத்தும் சாகாமலும் தொங்கி நிற்கும். யாராவது போய் அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். அதற்காகக் கோபுரம் ஏற வேண்டும். அழுத்தம் குறைந்தால் தானாகத் துண்டித்துவிடும் சின்ன மின்சுற்றும், சூரியத் தகடும் மின்கலமும் வைத்துத்தான் சரிசெய்தார்கள். மலிவுத் தொலைமருத்துவம் என்று பேசுகிறவர்கள் கேமராவின் விலையைச் சொல்வார்கள். ஒழுங்கான மின்சாரத்துக்கு ஆகும் செலவையும், பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர் ஆளின் சம்பளத்தையும் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். இந்த இரண்டும் இல்லாமல் விழாவோடு நின்றுபோன திட்டங்கள் ஏராளம்.

பிறகு ஊரெங்கும் பிராட்பேண்ட் வந்தது, 2016-க்குப் பின் கைபேசி இணையம் மலிவாகிவிட்டது. அந்தக் கோபுரங்களின் தேவை குறைந்தது. கண் மையங்கள் மட்டும் நிற்கவில்லை, இன்று நூறைத் தாண்டியிருக்கின்றன. இணைப்பு எது வழியாக வந்தாலும் வேலை செய்வது உள்ளே இருக்கும் சிஸ்டர்கள்தான் என்பது இதிலேயே தெரிகிறது.

இட்லி வியாபாரம் பார்க்கும் அந்தத் தம்பி இந்த இடத்தில் குறுக்கே கேட்டார்: "இப்பத்தான் போன் கேமராவே சூப்பரா இருக்கே. கண்ணப் பக்கத்துல போட்டோ எடுத்து அனுப்பினா தெரியாதா?"

நியாயமான கேள்வி. அம்மாவின் கண் மங்கலுக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். சர்க்கரை அளவு தாறுமாறாக ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வீங்கிச் சுருங்கும், பவர் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் அது தானே தெளியும். அந்த நேரத்தில் கண்ணாடி வாங்கினால் பணம் வீண். இரண்டாவது, கண்புரை. அறுவை செய்தால் பார்வை திரும்பும், அவசரம் இல்லை. மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். குழாய் கசியும், புதிதாக முளைக்கும் குழாய் உடைந்து ரத்தம் கொட்டும். ஆரம்பத்தில் வலி கிடையாது, மங்கல்கூடக் கிடையாது. தெரிய வரும்போது பாதி போயிருக்கும். லேசரும் ஊசியும் இருப்பதைக் காப்பாற்றும், போனதை முழுக்கத் திருப்பித் தராது. ஆகவேதான் சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

விழித்திரை கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. போனில் எடுக்கும் படத்தில் தெரிவது முன்பக்கம். மூன்று காரணத்தில் எது என்று அந்தப் படத்தைப் பார்த்து உலகத்தின் சிறந்த கண் மருத்துவராலும் சொல்ல முடியாது. விழித்திரைக் கேமராவும் அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டும். அது கிடைத்துவிட்டால் படம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கணினியே படித்துச் சொல்லும் நிலை வந்திருக்கிறது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் ஜாமா இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் அரவிந்தும் பங்கெடுத்தது. அதற்கும் முதலில் யாராவது அம்மாவின் தாடையைக் கருவியில் சரியாக வைத்து, 'அசையாதீங்கம்மா' என்று சொல்லிப் படம் எடுக்க வேண்டும்.

ஆக, தம்பிக்கு நான் சொன்னது: வீடியோவும் வேண்டாம், சயானுக்கு ரயிலும் வேண்டாம். திருநெல்வேலி அரவிந்தில் போன் போட்டு ஊருக்குப் பக்கத்தில் கண் மையம் எங்கே என்று கேளுங்கள். தங்கச்சியைக் கூட அனுப்புங்கள். கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டும், சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கூசும், தனியாகப் பேருந்தில் அனுப்ப வேண்டாம்.

கண்ணுக்குக் கருவி அவசியம். மனநோய்க்கு அப்படி இல்லை. பேச்சும் முகமும் நடத்தையும்தான் அங்கே பரிசோதனை, அதனால் திரை வழியாக நன்றாகவே செய்யலாம். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்கிற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், 2010-ல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஓர் அறை. நோயாளியும் வீட்டாரும் உள்ளே உட்கார்ந்தால் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார். மருந்துச் சீட்டு வந்ததும் அதே பேருந்தில் இருக்கும் மருந்தகத்தில் மருந்து இலவசம். ஊரிலேயே பயிற்சி பெற்ற பணியாளர்கள் இருந்தார்கள். யார் வீட்டில் பல வருஷமாக ஒருவர் வெளியே வராமல் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். மருந்தை நிறுத்திவிட்டாரா என்று அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறவர்களும் அவர்களே. வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் ஊர் பேசும் என்று பயப்படும் குடும்பங்களுக்கு, இது எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள். இப்போது நாடு முழுக்க டெலி மானஸ் என்கிற அரசு உதவி எண் இருக்கிறது: 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தாராவியிலிருந்தும் பேசலாம். ஊர் விட்டு வந்த இளைஞர்கள் இந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. ரத்னகிரியில் பிரசவமான ஒரு பெண் உடல்நிலை கெட்டு மறுபடி மருத்துவமனைக்கு வருகிறார். மருத்துவர்கள் ஊரில் இல்லை. போனில் மருந்து சொல்கிறார்கள். வேறு தகுதியுள்ள மருத்துவர் அங்கே இல்லை. அந்தப் பெண் இறந்துவிட்டார். மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் தர நீதிமன்றம் மறுத்தது. நாடு முழுக்க மருத்துவர்கள் பயந்துபோனார்கள். போனில் ஒரு மாத்திரை சொன்னால்கூட வழக்கு வருமோ என்று தயங்கினார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே நடந்த குற்றம் போனில் பேசியது என்று நான் நினைக்கவில்லை. பிள்ளை பெற்ற பெண்ணின் பக்கத்தில், நாடி பிடித்துப் பார்த்து 'நிலைமை சரியில்லை' என்று சொல்லக்கூடிய ஒருவர் இல்லை என்பதுதான்.

சட்டம் தெளிவானது கொரோனா வந்த பிறகு. 2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய அன்றே, மத்திய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. அதில் நமக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே பார்க்கலாம், மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். கணினிச் செயலி தானாக மருந்து எழுதக்கூடாது. குரல் மட்டும் கேட்டுப் புதிய நோயாளிக்கு எழுதக்கூடிய மருந்துகள், காய்ச்சல், இருமல் போன்றவற்றுக்கான சாதாரண மருந்துகள். வீடியோவில் முகம் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எழுதலாம். நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்குத் திரும்பப் பேசினால் அது தொடர் சிகிச்சை, அப்போது மருத்துவருக்கு இன்னும் சுதந்திரம் உண்டு. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைப் பொதுவாக எழுத முடியாது. வீடியோவில் பார்த்தது போதாது, நேரில் வா என்று சொல்லும் உரிமை மருத்துவருக்கு உண்டு. அப்படிச் சொல்கிறவரிடம் கோபப்படாதீர்கள். அவர் நல்ல மருத்துவர்.

ஆறு மாதக் கணக்கை நம் ஆட்கள் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம், அப்பாவை ஒருமுறை நிபுணரிடம் நேரில் காட்டுகிறோம். அடுத்த ஆறு மாதம் சோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு அவரோடே வீடியோவில் பேசலாம். ஒரு நேர்முகம், பிறகு சில தொலைமுகம் என்கிற இந்தக் கலவைதான் ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு போன்ற நீண்டகால நோய்களுக்கு எனக்குத் தெரிந்து மிகச் சரியான முறை.

அரசின் இ-சஞ்சீவனியைப் பற்றியும் கேட்பீர்கள். மொஹாலி சிடாக் நிறுவனம் உருவாக்கியது. இரண்டு வாசல் உண்டு. 2019 நவம்பரில் திறந்த முதல் வாசல், சுகாதார நிலையத்திலிருந்து மருத்துவருக்கு. துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியர் நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைப்பார். 2020 ஏப்ரலில் திறந்த இரண்டாவது வாசல், வீட்டிலிருந்து நேரே மருத்துவருக்கு. இரண்டும் இலவசம். 2023 பிப்ரவரியில் பத்துக் கோடி ஆலோசனைகளைத் தாண்டியதாக அரசு அறிவித்தது. எண்ணிக்கை பெரிதுதான், மகிழ்ச்சிதான். ஆனால் மறுமுனையில் எப்போதும் நிபுணர் இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம், பல நேரம் பொது மருத்துவரே இருப்பார். என் யோசனை: முடிந்தவரை முதல் வாசலில் போங்கள். அம்மாவைத் துணை சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து அழைக்கச் சொல்லுங்கள். செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வார், மருத்துவர் சொன்னதை அம்மாவுக்குப் புரியும்படி திரும்பச் சொல்வார், இருக்கிற மருந்தை எடுத்துக் கொடுப்பார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவற்றைக் கொண்டுவந்து தருகிற பெண் தன்னார்வலரின் பெயரும் போன் எண்ணும் உங்களிடம் இருக்கிறதா? ஊரில் பால்காரர் எண் இருக்கும், அது இருக்காது. முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பரேல். டாட்டா நினைவு மருத்துவமனைக்கு வெளியே நடைபாதையில் படுத்திருக்கிறவர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பீகார், வங்காளம், விதர்பா என்று எங்கிருந்தோ வந்தவர்கள். தாதரில் காட்கே மகாராஜ் தர்மசாலா போல சில இடங்கள் தாங்குகின்றன, ஆனால் எல்லாரையும் தாங்க முடியாது. அவர்களில் எல்லாரும் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ வந்தவர்கள் இல்லை. ரிப்போர்ட்டைக் காட்டி, எழுதிக் கொடுத்த வைத்தியம் சரிதானா என்று கேட்க வந்தவர்கள் உண்டு. முடிந்த சிகிச்சைக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் காட்ட வருகிறவர்கள் உண்டு. ஸ்கேன் படம் கம்பி வழியாக அட்சரம் பிசகாமல் போகும். திசு மாதிரியைக் கூரியரில் அனுப்பலாம். இதற்கு ஏற்பாடும் இருக்கிறது. 2012-ல் உருவான தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பில் நாடெங்கும் உள்ள மருத்துவமனைகள் டாட்டாவோடு சேர்ந்திருக்கின்றன. சிக்கலான நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் இணையவழியில் கூடிப் பேசுகிறார்கள். நவ்யா என்கிற சேவை வழியாக ரிப்போர்ட்டுகளை அனுப்பி டாட்டா நிபுணர்களின் எழுத்துபூர்வமான இரண்டாவது கருத்தை வீட்டிலிருந்தே வாங்க முடியும்.

முடியும், ஆனால் ரிப்போர்ட்டை அனுப்ப ஒருவர் வேண்டுமே. எந்தத் தாள் நோய்க்கூறு ரிப்போர்ட், எது வெறும் பில் என்று பிரிக்க வேண்டும். தேதி வாரியாக அடுக்க வேண்டும். மங்காமல் ஸ்கேன் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் வருகிற பதிலை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையில் தனியாக இருக்கும் பெரியவருக்கு இதைச் செய்ய ஆள் இல்லை. இங்கே, தொண்ணூறு அடிச் சாலையிலும் சீட்டா கேம்ப்பிலும், தமிழும் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், ஏதாவது ஒரு சங்கத்து அறையில் ஒரு கணினியும் ஸ்கேனரும் வைத்துக்கொண்டு நான்கு பேர் உட்கார்ந்தால் போதும். ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் ரிப்போர்ட்டுகளை அடுக்கிக் கொடுக்கலாம், ஊரில் எந்தச் சுகாதார நிலையம் பக்கம் என்று தேடிச் சொல்லலாம். வைத்தியம் சொல்லக்கூடாது, மருந்து பேரைச் சொல்லவே கூடாது, யார் ரிப்போர்ட்டையும் வெளியே காட்டக்கூடாது. இதை முதல் நாளே கறாராகச் சொல்லிவிட வேண்டும். ஒரு செவிலியரோ ஓய்வு பெற்ற மருத்துவரோ மேற்பார்வைக்கு வந்தால் இன்னும் நல்லது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அப்படிப்பட்ட தமிழ் மருத்துவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். நான் இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். இடம் கொடுக்க யாராவது முன்வந்தால் அடுத்த மாதமே தொடங்கலாம்.